பீப்பாய் மேல் தையல் மெஷின்

பம்பரம் என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்த பிறகு வேறு பெயர் யார் வாயிலும் வரவில்லை. சாப்பிட உட்காரும்போதுகூட ஒரு முட்டியை நட்டு வைத்துத்தான் உட்காருவார், பாதியில் எழுந்து ஓட வசதியாக.

மனைவி பெயரில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். அக்கம்பக்கத்தார் பழத்தைப் பறித்து, ஆலை லாரியில் ஏற்றிவிட்டுக் காலை நீட்டிவிடுவார்கள். பம்பரத்துக்கு அது ஆகாது. ஒரு வருடம் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தோலுரிக்கும் மெஷினோடு கோத்தார். மிதித்த மிதியில் கொட்டையெல்லாம் பாதி கூரைக்கும் பாதி கோழிகளுக்கும் போனது. அடுத்த வருடம் காய்ந்த பழத்தோலைக் கொதிக்கவைத்து ஒரு பானம் கண்டுபிடித்தார். முதல் குவளை மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு. அந்த மனிதர் இன்றுவரை இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரையும் முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறார்.

இந்த வருடம் பீப்பாய். செக்கச்செவேலென்று பழுத்ததை மட்டும் பறித்து, தண்ணீரில் மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதை முழுப்பழமாகவே உள்ளே போட்டுக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். பழம் புளித்து வரும் காற்று மட்டும் ஒரு குழாய் வழியே தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழ்விட்டு வெளியேறும். நாலு நாள் திறக்கவே கூடாது. அப்புறம் காயவைத்து வறுத்தால் காப்பி பழவாசனையோடு இறங்குமாம். நகரத்துக் காப்பிக் கடைக்காரர் வந்து ருசி பார்க்கவும் ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு பீப்பாய்க்குத்தான் பழம் தருவேன்," என்றாள் மனைவி. "வர்றவர் நல்லாருக்குன்னு சொன்னா அடுத்த பறிப்பு முழுக்க உங்க இஷ்டம். இல்லேன்னா எல்லாம் ஆலைக்கு. சைக்கிள், மெஷின், பீப்பாய் அத்தனையும் பழைய சாமான் கடைக்கு. புதுசா ஒண்ணு பண்றேங்கிற பேச்சே அப்புறம் கூடாது."

பம்பரம் கொல்லையில் நின்ற சைக்கிளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சரி என்றார்.

முதல் நாள் மதியத்துக்குள் முதல் பீப்பாயை ஏழு தடவை திறந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"மூச்சு விடுதான்னு பாத்தேன்."

"தொட்டில்ல புள்ளையா கெடக்கு?"

மறுநாள் காலை மச்சான் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாப்ள, வினிகர் கடை எப்போ தொறந்தீங்க?"

பம்பரத்தின் கை தன்னையறியாமல் இரண்டாவது பீப்பாயின் மூடிக்குப் போனது. மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். கையால் சுற்றும் தையல் மெஷினைத் தூக்கி வந்து அந்த மூடிமேல் ணங்கென்று வைத்தாள். விடுதிக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய தலையணை உறை அறுபது கிடந்தது.

"உக்காருங்க. நான் துணியைப் பிடிக்கிறேன், நீங்க சுத்துங்க."

மூன்று நாள் சுற்றினார். முழங்காலருகே பாட்டிலில் குமிழ் வரும், நிற்கும். நின்றால் இவர் உயிரும் நிற்கும்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"தையல் கோணும். சுத்துங்க."

ஐந்தாம் நாள் திறந்தபோது முதலாவது கண்ணைக் கரித்தது. இரண்டாவதில் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. இரண்டையும் தனித்தனி வலையில் பரப்பினார்கள். ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. மூன்று வாரம் கிளறினார்.

கடைக்காரர் வந்தார். வறுத்துப் பொடித்துத் தனித்தனியாகப் போட்டு வைத்த காப்பியில், முதல் பீப்பாயின் குவளையை ஒரு மிடறு உறிஞ்சி, அப்படியே துப்பினார். பம்பரத்தின் ஒரு கால் வாசற்படி தாண்டிவிட்டது. இரண்டாவதை உறிஞ்சினார். கூரையைப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். 

"இது யார் செஞ்சது?"

"இவதான்," என்றார் பம்பரம்.

"நானா? மெஷினைச் சுத்தினது அவரு," என்றாள் அவள்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரோ ஒருத்தர். அடுத்த பறிப்புல இதே மாதிரி ஆறு பீப்பாய் எனக்கு வேணும்."

மச்சான் முகராமலே ஒரு குவளையை எடுத்துக் குடித்தார். "ஆறு பீப்பாய்க்கு ஆறு தையல் மெஷினாச்சே மாப்ள, எங்க போவீங்க?"

 பம்பரம் நின்ற இடம் காலி. கொல்லைப்புறத்தில் சைக்கிள் சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

"என்னங்க! பீப்பாயைத் தொடாதீங்க!"

"பீப்பாயைத் தொடவே இல்ல," என்றது பம்பரத்தின் குரல். "தையல் மெஷினைத்தான் சைக்கிளோட கோக்கிறேன்."

அவள் சிரிப்பைக் குவளைக்குள் ஒளித்துக்கொண்டு, பழம் பறிக்கும் கூடையை எடுத்தாள்.