சாமிக்கு முன்னால் ஒரு சாம்பல் வட்டம்

கமலநாதன் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் சோறு தண்ணீரை மறந்துவிடுவார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு மனைவி மாதவி ஒரு துளசிச் செடி வாங்கி வந்தால்கூட, செடியை யாரும் பார்ப்பதற்குள் தொட்டி மண்ணுக்கு விசாரணை தொடங்கிவிடும். ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் தொட்டுக் குழைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா போலத் தள்ளிப் பார்ப்பார். நாடா நீண்டால் களி, உடனே அறுந்தால் மணல். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு நேரம் பாக்கல" என்பாள் மாதவி.

தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் மண் வகை பார்த்துச் சொல்லும் ஒரு தனியார் நிறுவனத்தில் இளவயதில் சேர்ந்தவர், தலை முழுக்க நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். அவருடைய ஆயுதம் ஆகர். ஆள் உயர இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, கீழே திருகு. அதைத் திருகித் திருகி இறக்கி, வருகிற மண்ணை ஒரு சாக்கின் மேல் வந்த வரிசைப்படியே பரப்ப வேண்டும். நிறப் புத்தகத்தை விரித்து, அதிலுள்ள வண்ணச் சதுரங்களோடு மண்ணை ஒப்பிட வேண்டும். எல்லாம் பார்த்து முடித்து, அந்த மண்ணுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். போகும்போது துளையை மூட வேண்டும். அடிமண் அடியில், மேல்மண் மேலே. புதிதாக வரும் பையன்கள் கண்டபடி அள்ளிப் போட்டால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

மலேசியாவில் மண் வகைகளுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். செர்டாங் என்றொரு மண், முஞ்சோங் என்றொரு மண், ரெங்கம் என்றொரு மண். இதில் ரெங்கம் என்றால் கமலநாதனுக்கு உயிர். கருங்கல் பாறை காலங்காலமாக இற்றுப்போய் உண்டான மேட்டுக் காட்டு மண் அது. மேலே இலை மக்கிய மெல்லிய கறுப்பு. அதற்குக் கீழே மஞ்சளும் பழுப்பும், விரலில் நறநறக்கும் மணலும். மழை கழுவி இறக்கிய களி கீழே போகப் போகக் கூடிக்கொண்டே வரும். புளிப்பு அதிகம், சத்து குறைவு, சுண்ணாம்பும் உரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் எவ்வளவு மழை கொட்டினாலும் குடித்துக் கீழே அனுப்பிவிடும், வேருக்கு மூச்சு முட்டாது. "வசதியான மண்ணு இல்ல, ஆனா குணம் தங்கம்" என்பார், மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுப்பவர் போல. தண்ணீர் நிற்கிற மண்ணாலோ தன்னை மறைக்கவே முடியாது. சாம்பல் நிறமும் துருப் புள்ளியுமாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

காட்டு வேலையில் அவருடைய ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. துளை போட வேண்டிய புள்ளி ஏதாவது சாமி இருக்கும் இடத்தில் விழுந்தால், மரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிய கல்லோ நட்டுவைத்த சூலமோ இருந்தால், அங்கே ஆகர் இறங்காது. சாமி காலடியைக் குடையக் கூடாது, கொஞ்சம் மேட்டுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். கமலநாதனும் அப்படியே பழகிவிட்டார். காடு முழுக்கத் துளை போடுகிற பெரிய ஆய்வில் ஒன்று தள்ளிப் போனால் குடி முழுகிப் போகாது. திருச்செல்வத்தின் மூன்று ஏக்கரில் முழுகியது.

திருச்செல்வம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதே அடுக்குமாடி, இரண்டு மாடி கீழே. காலையில் இருவரும் கௌஸ் டீக்கடையில் தே தாரிக் குடிக்காத நாள் கிடையாது. அவருக்கு வேறு நண்பர்கள் இல்லை, வாய் அப்படி. காஜாங்கைத் தாண்டி மலையோரத்தில், காட்டை ஒட்டி ஒரு சரிவு நிலம் வாங்கி டுரியான் பழ மரம் போடப் போவதாகச் சொன்னபோது கமலநாதன் ஆகரைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே கூடப் போனார். மேலே ஒரு துளை, நடுவில் ஒரு துளை, இரண்டும் அடிவரை தங்க மஞ்சள். மூன்றாவது சரிவின் அடியில் போட வேண்டியது. அங்கே பெரிய மரத்தடியில் முனீஸ்வரர் கல், யாரோ வைத்த சுருட்டு. கமலநாதன் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, மேட்டுப் பக்கம் நடந்துபோய்த் துளை போட்டார். அதுவும் மஞ்சள்.

"செல்வம், அசல் ரெங்கம்டா. கண்ண மூடிக்கிட்டு நடு."

திருச்செல்வம் கீழ் எல்லைவரை நட்டார். கிள்ளானில் வேலை பார்க்கும் மகன் தனேஷ் வார விடுமுறைகளில் வந்து, மேலே ஓடும் ஓடையிலிருந்து குழாய் இழுத்து எல்லா மரத்துக்கும் தண்ணீர் வர வழி செய்தான். மரங்கள் தோளுக்கு வளர்ந்தன, தலைக்கு மேலே வளர்ந்தன. பிறகு அடிவரிசைகளில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. தண்டின் அடியில் பட்டை கறுத்து நீர் கசிந்தது. ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், வேர் அழுகல், தண்ணீர் அதிகம்.

தண்ணீர் என்றதும் திருச்செல்வம் மகன் பக்கம் திரும்பினார். வால்வைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான், ஊர் சுற்றும் அவசரம். கௌஸ் கடையில், நாலு பேர் பார்க்க, வளர்ந்த மகனை நிற்க வைத்துக் கேட்டார். கமலநாதனும் அதே மேசையில்தான் இருந்தார்.

"மூடிட்டுத்தான்பா போனேன்."

"பொய் சொல்லாத. மண்ண பாத்தவன் இவன். இவன் பாத்த மண்ணுல தப்பு இருக்காது. அப்ப தப்பு யாருகிட்ட?"

தனேஷ் கமலநாதனைப் பார்த்தான். "அங்கிள், அந்த அடிப்பக்கம் மண்ணு ஓகேதானா?"

அந்த ஒரு கணத்தில் கமலநாதனுக்கு முனீஸ்வரர் கல் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் பழகிய பாதையில் போய்விட்டது.

"நல்ல மண்ணுதான்பா."

தனேஷ் எழுந்து போனான். அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த வாரமே கமலநாதன் தனியாக அந்த நிலத்துக்குப் போனார். முனீஸ்வரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கல்லுக்கு முன்னால் ஆகரை இறக்கினார். மேலே கொஞ்சம் மஞ்சள். முழங்கை ஆழத்தில் சாம்பல், அதில் துருப் புள்ளிகள். இன்னும் இறக்கியதும் துளைக்குள் தண்ணீர் ஊறி மேலே வந்தது. மலைக்குள் இறங்கிய மழையெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்குகிறது. அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் நீர் ஊறும் இடம் பார்த்துத்தான் சாமியை வைத்திருப்பார்கள் போல. இதுகூடத் தோன்றாமல் போயிற்றே. பையன் வால்வை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அந்த மரங்கள் செத்திருக்கும். யாராவது வந்துவிடுவார்களோ என்று மண்ணை வாரித் துளைக்குள் தள்ளிவிட்டு, ஆகரைக்கூடத் துடைக்காமல் காருக்கு ஓடினார்.

சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை, தே தாரிக் வந்ததும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினார். தீபாவளிக்கு அப்பனும் மகனும் சேர்ந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சேரவில்லை. பொங்கல் போயிற்று. 'இவன் பாத்த மண்ணுல தப்பு இருக்காது' என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு இருந்தது. ஒரு நாள் மாதவி, "என்னங்க, மண்ணத் தொடறதே இல்ல இப்பல்லாம்?" என்றாள். கண் எரிகிறது என்றார். மண்ணுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை, அது அவர் செய்த புண்ணியம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் திருச்செல்வத்தின் மனைவி அமுதவள்ளி குங்குமச் சிமிழும் பத்திரிகையும் வைத்த தட்டோடு வந்து நின்றாள். தனேஷுக்குக் கல்யாணம், பெண் விஷ்ணுப்ரியா, கிள்ளானில் மண்டபம். புருஷன் பெண்டாட்டி இருவருமாக வந்து வைக்க வேண்டிய அழைப்பு. அவள் தனியாக வந்திருந்தாள்.

"அவரு வரமாட்டாராம் அண்ணே. மொதல்ல அவன் தப்ப ஒத்துக்கணுமாம். இவன் செய்யாதத ஒத்துக்க மாட்டேங்கறான். அப்பன் இல்லாம எப்படிண்ணே தாலி கட்டுறது?" தட்டை நீட்டினாள். "அவரு யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாரு."

மாதவி தட்டை வாங்கிக்கொண்டாள். கமலநாதனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்செல்வத்தைக் காரில் ஏற்றினார். "எங்கடா?" என்றதற்கு, "வா லா, சும்மா" என்றார். காஜாங் தாண்டும்வரை திருச்செல்வம் மகனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

பட்டுப்போன அடிவரிசையில் இரண்டு மரம் மட்டும் குச்சியாக நின்றன. கமலநாதன் செருப்பைக் கழற்றி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, ஆகரை எடுத்தார்.

"டேய், என்ன பண்ற? சாமி எடம்டா!"

"அன்னைக்கும் இதேதான் செல்வம் நெனச்சேன்."

சாக்கை விரித்து மண்ணை வரிசையாகப் பரப்பினார். மஞ்சள், பிறகு சாம்பல், சாம்பல், சாம்பல். கடைசியாக வந்தது சொட்டச் சொட்ட வந்தது. திருச்செல்வம் மண் படித்தவர் இல்லைதான். இருந்தாலும் துளைக்குள் தண்ணீர் தளும்பியதைப் பார்க்கப் படிப்பு தேவைப்படவில்லை. குனிந்து ஒரு கட்டி சாம்பல் களியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு இங்க போடாம மேல போட்டேன்" என்றார் கமலநாதன். "ரெங்கம் மேலதான். இங்க தண்ணி நிக்குது. தனேஷ் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது."

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீ அவன கடையில வச்சுத் திட்டினியே. அதுக்கு அடுத்த வாரம்."

திருச்செல்வம் அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருச்செல்வம் களியைக் கீழே போட்டு, கையை வேட்டியில் துடைத்து, போனை எடுத்து மகனை அழைத்தார். மறுமுனையில் "ஹலோ... அப்பா?" என்று கேட்டது. திருச்செல்வம் போனைக் கமலநாதனிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

கமலநாதன் காதில் வைத்துக்கொண்டார். "தனேஷ், அங்கிள் பேசறேன்பா. அந்த அடிப்பக்கம் மண்ணு..."

"தெரியும் அங்கிள்."

"என்ன தெரியும்?"

"சண்டை போட்டப்புறம் டூல்ஸ் எடுக்க ஒரு தடவ அங்க போனேன். சாமிக்கு முன்னால மஞ்சத் தரையில வட்டமா சாம்பல் மண்ணு. ஆகர் சைஸ். அந்த ஊர்ல ஆகர் வச்சிருக்கறது யாரு அங்கிள்? அடிமண்ணு மேல கெடந்துச்சு. நீங்க அப்படி மூடவே மாட்டீங்களேன்னு நெனச்சேன்."

கமலநாதன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "அப்பவே உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லலாம். ஆனா அப்பாவுக்குப் பேச்சுத் துணைன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அதையும் நான் ஏன் கெடுக்கணும்? நீங்களே சொல்வீங்கன்னு காத்திருந்தேன். ஃபோன அப்பாகிட்ட குடுங்க அங்கிள்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். திருச்செல்வம் அதைக் காதில் வைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "சாப்பிட்டியாடா?" என்ற குரல் கேட்டது. பிறகு கல்யாண மண்டபத்தைப் பற்றி ஏதோ. ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கமலநாதன் சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து துளையை மூடத் தொடங்கினார். பழக்கத்தில் கை அடிமண்ணைத்தான் முதலில் எடுத்தது. எடுத்ததைத் திரும்பச் சாக்கில் வைத்தார். மஞ்சள் மண்ணை முதலில் உள்ளே தள்ளி, சாம்பல் களியை மேலே போட்டு, இங்கே தண்ணீர் நிற்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியும்படி உள்ளங்கையால் வட்டமாக அழுத்தினார்.