மாடு போன வீடு

போன ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சவாரித் திடலுக்குப் போனேன். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு போவார்களாம். சுன்னாகப் பக்கத்து மாட்டுவண்டிச் சவாரிக்கு எதைப் போடுவது? நான் குடை கொண்டுபோனேன். அந்தப் புழுதிக்கு அது காணாது.

ஏன் போனேன்? வேறென்ன... வண்டில் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்!

ஐம்பது வயது தாண்டியாயிற்று. சீனி வருத்தம், முழங்கால் நோவு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மனுசன். "இதுதான் கடைசிச் சவாரி" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அந்தக் 'கடைசி' என்கிற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே கிளம்பிவிட்டேன்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இவருக்கும் இவருடைய அக்காவின் கணவருக்கும் - அதாவது இவருடைய அத்தானுக்கும் - பல வருடமாகக் கதை பேச்சு இல்லை. காணித் தகராறா? சீதனமா? ஒன்றுமில்லை. ஒரு சவாரியில் அத்தான் எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நின்றார். இவருடைய மாட்டுச் சோடி இரண்டாவது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அதோடு அத்தான் திடல் பக்கமே வருவதில்லை. கல்யாண வீடோ செத்த வீடோ, இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில் இருப்பார்கள். நடுவில் நானும் மச்சாளும் - இவருடைய அக்கா - தேத்தண்ணித் தட்டோடு அலைவோம்.

ஆனால் அத்தான் வளர்த்து, தெருவில் ஓட்டிப் பழக்கிய வெள்ளை மாட்டில் மட்டும் இவருக்கு ஒரு கண். அவர் அதை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், பண்டத்தரிப்புத் தரகர் ஒருவரைப் பிடித்து, வேறு யாருக்கோ வாங்குவதுபோல வாங்கிவிட்டார். நேரே போய்க் கேட்டால் மரியாதை போய்விடும் அல்லவா!

கண்ணூறு படாமல் கொம்பில் தேசிக்காய் குத்தி, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளையை இன்னொரு மாட்டோடு பூட்டினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்த, இரண்டு வண்டில்கள் பறந்தன. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மற்றச் சோடி நின்றது. எங்கள் சோடி நிற்கவில்லை! திடலின் முடிவில் இருந்த குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பி, வண்டிலோடு மறைந்துவிட்டது.

வண்டிலில் கூட ஏறியவர் மட்டும் நொண்டிக்கொண்டு வந்தார்.

"நான் குதிச்சிட்டன் அக்கா. மாஸ்டர் கயித்தை விடேல்லை."

"வண்டில் பிரண்டிட்டுதாம்" என்று யாரோ சொன்னார்கள். இவருடைய போனுக்கு அடித்தேன். அது என் கைப்பைக்குள்ளேயே மணியடித்தது. சவாரிக்கு ஏறுவதற்கு முன் என்னிடம்தானே தந்தார்... அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சாளிடமிருந்து போன் வந்தது.

"பயப்பிடாதை. தம்பி இஞ்சைதான் நிக்கிறான். வண்டிலோடை எங்கட வீட்டு முத்தத்துக்கை வந்திட்டான்."

"பிரண்டதெண்டு சொல்லுறாங்கள்..."

"ஒண்டுமில்லை. கட்டியிருந்த சாரம்தான் கிழிஞ்சுபோச்சு."

அப்பாடா! கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஓட்டம் முடிந்தால் அத்தான் வீடு, வீட்டில் புண்ணாக்குத் தண்ணி. வெள்ளைக்குத் தெரிந்தது அதுதான். அது விலைப்பட்டது, இவர்களுடைய கோபதாபம்... மாட்டுக்கு யார் சொன்னார்கள்?

ஓட்டோ பிடித்துப் போனேன். மாட்டுக்கு அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் இவர். இரண்டு பேரும் மாட்டைத் தடவுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அத்தான் மாட்டிடம் சொன்னார்: "உன்னை வாங்கின ஆள் ஆரெண்டு இப்பதான் தெரியுது."

இவரும் மாட்டிடமே கேட்டார்: "நேரை கேட்டிருந்தா தந்திருப்பாரோ?"

"கயிறும் சேர்த்துத் தந்திருப்பன், மடையா!"

அந்த 'மடையா' மாட்டுக்கு இல்லை. மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

இவர் மெல்லச் சொன்னார்: "அத்தான்... இண்டைக்கும் ரெண்டாவதுதான்."

அத்தான் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு காலைத் தூக்கியது.

பின்னேரம் எவ்வளவு இழுத்தும் வெள்ளை வாசல் படலையைத் தாண்டவில்லை. இன்னும் அங்கேதான் நிற்கிறது. "மாட்டைப் பாத்திட்டு வாறன்" என்று இவர் ஒவ்வொரு நாளும் போகிறார். கூட்டி வருகிற எண்ணம் மட்டும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

நேற்று மாட்டுக்கென்று ஒரு சீப்பு கதலிப்பழம் கொடுத்துவிட்டேன். அத்தானும் இவருமாகத் தின்றுவிட்டு, தோலைத்தான் மாட்டுக்குப் போட்டார்களாம்!