மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றபோது

எழுத்து என் வேலை இல்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடையில் துணியை விரித்துக் காட்டி மடித்து வைப்பவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்தது அதிகப்படிதான். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் இருக்கிறாள். பின்னால் நின்று கோல் விழாமல் தடுப்பது அவள் வேலை. சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவள் விளையாடி நான் பார்த்ததில்லை. கடையைச் சாக்காகச் சொல்லிவிடுவேன். மற்றப் பெற்றோரோடு போய் நிற்கக் கூச்சம், அவ்வளவுதான்.

தெற்காசிய நாடுகளின் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம். பயிற்சி கொடுக்கும் மிஸ், கண்டியில் பள்ளி மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பிள்ளைகளையும் பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்.

“நாளைக்குக் கட்டுகஸ்தோட்டையில எங்க மேட்ச். அதுக்கு நீங்க கட்டாயம் வரணும்,” என்றாள் மகள். “இன்னைக்கு வந்து உக்காந்து பழகிக்கங்கப்பா. யாரும் உங்கள கடிச்சுத் தின்ன மாட்டாங்க.”

போனேன். தோழிகள் முன்வரிசையிலிருந்து கூப்பிட்டும் போகாமல், என் பக்கத்துக் கதிரையில் அவள் உட்கார்ந்தாள்.

பின்னால் இருந்தவர் அவளுடைய தோழியின் வாப்பா. அக்குறணையில் கடை வைத்திருப்பவர்.

“என்ன அண்ணன், இன்டைக்கு எந்தப் பக்கம்? ஒங்கட ஆக்களும் வந்திருக்காங்களே!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களின் வரிசை வீடுகளில். இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும் நாட்களில் அப்பா கதவைச் சாத்தி, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். இந்தியாவுக்குக் கைதட்டினால் ‘அங்கேயே போங்கள்’ என்ற பேச்சு வரும். இலங்கைக்குத் தட்டினால் பயத்தில் தட்டுகிறான் என்று எங்கள் ஆட்களே கேலி செய்வார்கள். அதனால் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பார்ப்போம். லயத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மண்டபத்திலும் என் கைகள் முழங்காலில்தான் இருந்தன.

இந்தியா முதல் கோல் போட்டது. யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு எனக்குப் பந்து கண்ணில் படவே இல்லை, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு இலங்கை ஒரு கோல் போட்டது. மண்டபமே எழுந்து கத்தியது. மகள் கதிரைமேல் ஏறி இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் கதிரையோடு சரிந்து முழங்காலில் விழுந்தாள்.

“உக்காரு! எல்லாரும் பாக்குறாங்க!”

“யாருப்பா பாக்குறாங்க? நம்ம கோல்ப்பா!”

சத்தம் அடங்கிக்கொண்டிருந்த நேரம். அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அப்போதுதான் உண்மையாகவே எல்லோரும் பார்த்தார்கள். அத்தனை பேரும் நிற்க, நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் கையில் இன்னும் அவள் சட்டை நுனி இருந்தது.

அக்குறணைக்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “நான் சும்மா பகிடிக்குத்தான் கேட்டேன் அண்ணன். மனசுல வெச்சுக்காதீங்க.” அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மிஸ் ஓடிவந்து, அடிபட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். மகள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, முன்வரிசைக்குப் போய்த் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டம் பார்த்த வீடு அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் அவளிடம் இருக்கவே இல்லை. என் கையால்தான் அதை அவள்மேல் போட்டேன்.

இந்தியா இன்னொரு கோல் போட்டு வென்றது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

“கால் வலிக்குதா?”

“இல்ல.”

பேராதனை தாண்டிய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு நீங்க கடைக்கே போங்கப்பா.”

மறுநாள் விடிந்ததும் அவள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் போனேன். அவர்கள் அணி வென்றதாக அவள் அம்மா போனில் சொன்னாள்.