ட்ரெய்லரின் பின்பக்க யன்னல்

எனக்கு ஒரு வீட்டில் ஏழெட்டு வருசத்துக்கு மேல் இருப்புக்கொள்ளாது. மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. பிறகு அஹுன்ட்சிக்கில் ஒரு கீழ்வீடு. அதற்குப் பிறகு பியர்பொன்ட்ஸில் இந்தத் தனி வீடு. ஒவ்வொரு முறையும் மாற வேண்டும் என்று தொடங்கியது நான்தான். என் கணவர் ஓம் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. பெட்டி கட்டினார், தூக்கினார், இறக்கினார்.

பியர்பொன்ட்ஸ் வீட்டில் சுவர்களுக்கு நிறம் மாற்றி, குசினி அலுமாரிகளுக்குக் கதவு மாற்றி, குளியலறைக்கு ஓடு பதித்து முடித்த நேரத்தில் மகளுக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. மகன் ஏற்கனவே வான்கூவர் போய்விட்டான். நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். பகல் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் எதையும் நகர்த்தியிருக்க மாட்டார்கள். அந்தக் கோப்பையைப் பார்த்தாலே எனக்குக் கால் பரபரக்கும். மாடிக்கு ஏறுவேன், இறங்குவேன், ஏன் ஏறினேன் என்று தெரியாது.

பக்கத்து வீட்டில் வயதான கியூபெக் தம்பதி. அவர்களுடைய பின்வளவில் நீலத் தறப்பாளுக்குக் கீழே, வாகனத்தில் கொளுவி இழுத்துப்போகும், படுக்கையும் குசினியும் உள்ள ஒரு சின்னப் பயண ட்ரெய்லர் பல வருசமாக நின்றது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஆன பிறகு அவர்கள் எங்கும் போவதில்லை. ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை வேலிக்கு மேலால் அவர் என்னிடம், இதை யாராவது கொண்டுபோனால் நல்லது, புல்லாவது முளைக்கும் என்றார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை என் கணவர் வேலை முடிந்து வந்து எங்கள் வானை நிறுத்த இடமில்லாமல் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"இதென்ன இது?"

"ட்ரெய்லர்."

"அது தெரியுது. எங்கட வாசலில ஏன் நிக்குது?"

"வேண்டிட்டன்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போகலாம். அதுக்குத்தானே சில்லு வைச்சிருக்கு."

அவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன்.

அந்தக் கோடை முழுக்க நான் அந்த ட்ரெய்லருக்குள்தான் கிடந்தேன். முதல் வேலை கூரை. உள்ளே ஒரு மூலையில் கால் வைத்தால் தரை தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் மாதிரி அமுங்கியது. பழைய பசைக்கு மேல் பசை, அதற்கு மேல் பசை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒழுக்கை அடைத்துக்கொண்டே வந்திருந்தார். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். உக்கிய தரையை வெட்டி எறிந்துவிட்டுப் பிளைவூட் போட்டேன். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? யூடியூப்பில் ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நிறுத்துவது, போய்ச் செய்வது, பிழையாகிப்போனால் திரும்பி வந்து பார்ப்பது.

பெரிய வேலைகளைவிடச் சின்ன வேலைகள்தான் எனக்குப் பிடித்தவை. வெளிச் சுவரில் மடக்கித் திறக்கும் ஒரு பலகை பூட்டினேன். அடுப்பை அதில் வைத்து மீனை வெளியிலேயே பொரிக்கலாம், படுக்கையில் வாசம் ஏறாது. கூரை விசிறியை இரண்டு பக்கமும் சுழலக்கூடியதாக மாற்றினேன். கழிப்பறையில் தண்ணீர் அடிக்கும் கைக்குழாய் ஒன்று. அது இல்லாமல் எங்கள் ஆட்களில் ஒருவரும் ஓர் இரவு தங்க மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயம். தோசை சுட்டுப் பார்த்த அன்று மா கல்லில் ஒரு பக்கமாக ஓடியது. ட்ரெய்லர் சரிந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே போய் நீர்மட்டக் குழாய் ஒன்று வாங்கி வந்து முன்பக்கத்தில் ஒட்டினேன். குமிழி நடுவில் வந்து நின்றால் தோசை வட்டமாக வரும்.

என் கணவர் ஏணியைப் பிடித்தார். வெளியே நின்று ஸ்குரூ எடுத்துத் தந்தார். உள்ளே மட்டும் வரவில்லை. "ரெண்டு பேர் நிக்க இடம் காணாது" என்றார். அது உண்மைதான் என்பதால் நான் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

இலையுதிர்காலம் தொடங்குவதற்குள் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். வடக்கே லோரண்டீட் மலைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இடம் பதிந்தேன். போய்ச் சேர்ந்து, மட்டம் பார்த்து, பலகையைத் திறந்து, மீன் பொரித்தோம். ஒன்றும் உடையவில்லை, ஒழுகவில்லை. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் படுக்கையை விரித்தேன்.

"நீர் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் கொஞ்சம் பேந்து வாறன்" என்றார்.

விடிந்து எழும்பிப் பார்த்தால் பக்கத்தில் விரிப்பு சுருங்கவில்லை. தலையணை நான் வைத்தபடியே இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் ட்ரெய்லரை இழுத்து வந்த வானுக்குள், முன் இருக்கையைச் சரித்துவிட்டு, ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் குத்தி வைத்தேன். அவர் எழும்பி வந்ததும் கேட்டேன்.

"என்ர படுக்கையில என்ன குறை? உங்கட முதுகுக்கெண்டுதானே புது மெத்தை வெட்டிப் போட்டனான்."

"படுக்கை நல்லம்."

"பேந்தென்ன?"

"ஒரு கதவுதானே இருக்கு" என்றார்.

"ட்ரெய்லருக்கு எத்தினை கதவு வேணும்?"

அப்போதுதான் சொன்னார். கனடாவுக்கு வருவதற்கு முன் அவர் குடும்பம் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு முகாமில் கூடாரத்தில் இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. ஒரு மத்தியானம் காய்ச்சலோடு கூடாரத்துக்குள் தனியே படுத்திருந்தாராம். பக்கத்துக் கூடாரத்தில் அடுப்பு சரிந்து தீப்பிடித்திருக்கிறது. கண் விழித்தபோது வாசல் பக்கம் முழுக்க நெருப்பு. பின்பக்கத் துணியை யாரோ வெளியிலிருந்து கத்தியால் கிழித்து, காலில் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

"ஆர் எண்டு தெரியாது. முகத்தைக் காணேல்லை" என்றார்.

"பக்கத்துக் கூடாரத்தில இருந்தவை தப்பினவையோ?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

கலியாணம் கட்டி இருபத்தைந்து வருசத்துக்கு மேல். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் அவர் பின்பக்க இரும்புப் படிக்கட்டைத்தான் முதலில் வழித்துத் துப்புரவாக்குவார். அந்தப் படியால் நாங்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. நான் முன்படியில் வழுக்கிக்கொண்டு நின்று, "ஆர் அந்தப் பக்கத்தால வரப்போகினம்?" என்று கத்தியிருக்கிறேன். அவர் வழித்துக்கொண்டே இருப்பார்.

அன்றே வீட்டுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இப்படியான ட்ரெய்லர்களில் ஆபத்துக்கு வெளியேற ஒரு யன்னல் வைத்திருப்பார்கள். எங்களுடையதில் அது பின்சுவரில், கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. மழை ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சுற்றிலும் ஸ்குரூ அடித்து, பசை பூசி, நிரந்தரமாக மூடியிருந்தார். கோடை முழுக்க நான் அதைப் பார்த்து, நல்லவேளை, ஒழுகுவதற்கு ஓர் இடம் குறைவு என்று நிம்மதியாக இருந்தேன்.

வீட்டு வாசலில் வானை நிறுத்தியதும் உடுப்புக்கூட மாற்றாமல் ஸ்குரூ ட்ரைவரோடு போனேன்.

"இப்பவே என்னத்துக்கு?" என்றார்.

"எனக்கு இருக்கேலாது" என்றேன்.

ஸ்குரூக்களைக் கழற்றி யன்னலை இழுத்தபோது கீழ்ச் சட்டம் உக்கிக் கையோடு வந்தது. பிளாஸ்டிக் கொளுக்கிகள் இரண்டும் பொடிப்பொடியாக உடைந்தன. அந்தப் பழைய மாதிரிக்குப் புதுக் கொளுக்கி எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு கிழமையாக நான் எங்கெல்லாமோ தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் அவர் உடைந்த துண்டுகளை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் சென் லோரோன் பகுதியில் உலோக உதிரிப்பாகங்களைக் கடைந்து செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சில நாள் கழித்து அலுமினியத்தில் இரண்டு கொளுக்கிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"சிவப்பு பெயின்ற் அடியும். அவசரத்துக்குக் கண்ணில படவேணும்."

நான் புதுச் சட்டம் வைத்தேன். யன்னலைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடாவைப் பதித்தேன். அவர் வெளியே நின்று தோட்டக் குழாயால் தண்ணீர் அடிக்க, நான் உள்ளே டோர்ச்சோடு பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு துளி ஊறியது.

"ஒரு துளிதான். துடைச்சா சரி" என்று கத்தினேன்.

"கழட்டும்."

"ஒரு துளிக்கு?"

"ஒழுகினா ஒருநாள் நாங்களும் பூட்டிப்போடுவம்."

கழற்றினேன். திரும்பவும் நாடா, திரும்பவும் தண்ணீர். இந்த முறை ஊறவில்லை. தண்ணீர் நின்ற பிறகு அவர் தானாகவே உள்ளே வந்தார். முதல்முறையாக. ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று கொளுக்கிகளைத் திறந்தார், மூடினார், திறந்தார். யன்னல் நெஞ்சளவு உயரம், வெளியே குதித்தால் கால் முறியும் என்று சொல்லி, அடுத்த கிழமை வெளிச் சுவரில் மடக்கும் படி ஒன்றும் செய்து பூட்டினார்.

ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் முதலில். வீட்டில் போடும் சட்டையோடு யன்னலில் தலையை விட்டேன். தோள் போனது, இடுப்பு போகவில்லை. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேலிக்கு ஓடி வந்து, ஒன்றுமில்லையே என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சா வா, மதாம்?"

"சா வா, சா வா, மெர்சி!"

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என் கணவர் கட்டிலில் விழுந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருசம்.

"சிரிக்காமல் தள்ளுங்கோப்பா!"

தள்ளினார். நான் படியில் கைவைத்துப் புல்லில் போய் விழுந்தேன்.

பிறகு அவர் செய்து பார்த்தார். கால்களை முதலில் விட்டு, வயிற்றில் புரண்டு, படியைக் காலால் தடவிப் பிடித்து இறங்கினார். இன்னொருமுறை செய்தார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. கொளுக்கியைக் கையால் துழாவித் தேடுவதை வெளியே நின்று யன்னல் வழியாகப் பார்த்தேன். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. கால் தரையில் பட்டதும் கண்ணைத் திறந்து, "சரி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் வாசலில் நிற்கும் ட்ரெய்லருக்குள், தலைமாட்டு யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். பிறகு திரும்பி வந்து, சாத்தியதைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன்.

பனிக்காலம் முழுக்க அது தறப்பாளுக்குக் கீழே நின்றது. நான் வரைபடம் பார்த்துக்கொண்டு நடந்தேன். அடுத்த கோடையில் ரிமூஸ்கிக்கு அப்பால் போனோம். அங்கே சென் லோரன்ஸ் ஆறு கடல் மாதிரி விரிந்து கிடக்கும், காற்றில் உப்பு இருக்கும். எங்கள் ட்ரெய்லர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. அவர் உள்ளே படுத்தார், தூங்கினார், எழும்பினார். எல்லாம் சரியாக வேலை செய்தது.

அதுதான் எனக்குப் பிரச்சினையாகிவிட்டது. பூட்ட ஒன்றுமில்லை, கழற்ற ஒன்றுமில்லை. இறுக்கமாக இருந்த ஸ்குரூக்களை இன்னும் இறுக்கினேன். மூன்றாம் நாள் காலை அவர் எழும்புவதற்குள் கதிரைகளை மடக்கி, பலகையைச் சாத்தி, மின்சார வயரைச் சுருட்டிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

"எங்க போறம்?"

"அடுத்த இடத்துக்கு."

"இஞ்ச என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை. பாத்தாச்சுத்தானே."

அவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு கப்பல் நிற்பதா போவதா என்று தெரியாமல் இருந்தது. "இன்னும் ஒரு நாள் இருப்பமப்பா" என்றார்.

ஓர் இடத்தைக் காட்டி அவர் இருப்போம் என்று கேட்டது அதுதான் முதல்முறை. இரண்டு முறை வீடு மாறியபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேனா என்றும் தெரியவில்லை. வயரைப் பிரித்து மறுபடி கொளுவினேன். கதிரைகளை விரித்தேன். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து தண்ணீரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் முழங்கால் ஆடத் தொடங்கியது. நான் நிறுத்தினேன், அது திரும்பவும் ஆடியது.

"போய் நடந்திட்டு வாரும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

ட்ரெய்லர்கள் நிற்கும் மைதானத்தின் கடைசி வரைக்கும் நடந்தேன். ஒரு பெண் தன் ட்ரெய்லரின் பின்பக்கத்தில் வெளியே நின்று குளிக்கும்படி குழாய் பூட்டி, சுற்றிலும் திரை கட்டியிருந்தாள். அதை எப்படிச் செய்தாய் என்று என்னுடைய கார்டெரிப் பிரெஞ்சில் கேட்டேன். பிள்ளைகளோடு பேசும் மொழி அது. அவள் சிரித்துக்கொண்டே மூட்டு மூட்டாகக் காட்டித் தந்தாள். கையால் நீளம் அளந்துகொண்டு வேகமாகத் திரும்பி வந்தேன்.

அவர் சோறு வடித்து, கருவாட்டைப் பொரித்து, இரண்டு தட்டிலும் போட்டு வைத்திருந்தார். நான் அளவு நாடாவைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தி, பின்சுவரைப் பார்த்தபடி நின்றே சாப்பிடத் தொடங்கினேன்.

"இருந்து சாப்பிடுமன்" என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

இருந்தேன்.