லாரியில் வந்த நாற்றம்

அந்த லாரிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. மூக்கு நீண்ட பழைய வண்டி. டிரைவர் உட்காரும் கூண்டின் உட்புறம் முழுக்க மரம். தாமல், தென்னேரி பக்கத்து நெல் மூட்டைகளை ஏற்றிவந்து காஞ்சிபுரத்து ரைஸ் மில்லில் இறக்குவதுதான் என் வேலை. முதலாளி தாமல்காரர், பரம்பரையாக ஏர் ஓட்டிய குடும்பம்.

என்னோடு ஒரு கிளீனர் இருந்தார். பேர்தான் கிளீனர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதற்கு முன் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூல் வேகவைத்துக்கொண்டிருந்தவர். சோடாவும் சோப்பும் கொதிக்கிற அண்டாவில் நூலைப் போட்டுப் பசை எடுக்கிற வேலை. அந்த ஆவியில் நெஞ்சு கெட்டுப்போய் லாரிக்கு வந்துவிட்டார். நகக்கண்ணில் அரக்குச் சாயம் மட்டும் போகவே இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் வண்டிக்குள் நாற்றம் வந்தது. முதலில் லேசாக, ஈரச் சாக்கு மாதிரி. மறுநாள் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்ஜின் சூடேற ஏற நாற்றமும் ஏறியது.

மில்லில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் தேடினோம். சீட்டைத் தூக்கித் தேங்காய் நாரைப் பிரித்து உதறினோம். டூல் பெட்டியைக் கவிழ்த்தோம். மிதிபலகைக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு குச்சியால் குத்திப் பார்த்தார். காய்ந்த சேறும் ஒரு பழைய பீடிக்கட்டும்தான் விழுந்தன.

எல்லாம் பார்த்து முடித்து, சீட்டின் முதுகுப் பலகையைக் காட்டினார். அதற்குப் பின்னால் வண்டித் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் உண்டு. பலகையில் ஒரு ஓட்டை விழுந்து தூசி அடிக்கிறதென்று போன வாரம்தான் நான் அதன்மேல் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்திருந்தேன்.

"அந்தத் தகரத்த ஒரு தபா பிரிச்சிப் பாக்கலாம் டிரைவரே. நீங்க அடிச்ச அன்னிக்கு உள்ள ஏதோ கத்திக்கினு இருந்துச்சி. அப்பவே சொன்னேன்."

சொன்னார்தான். அது மில்லுப் பூனை என்று நான் அப்போது அவர் வாயை அடைத்திருந்தேன். இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கைவேலையில் குறை சொல்ல இவர் யார்?

"யோவ், தகரம் நாறுமாய்யா? உன் துண்ட மோந்து பாரு மொதல்ல."

அவர் நிஜமாகவே தோள் துண்டை எடுத்து மோந்து பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

"பட்டுப் பசை நாத்தம்பா. வருசக்கணக்கா வெந்த ஒடம்பு, லேசுல போவுமா?" என்றேன்.

அன்றிலிருந்து அவருக்கு அதுவே பேராகிவிட்டது. 'பட்டுப்பசை' வருகிறார் என்று மில்லில் மூக்கைப் பிடித்தார்கள். நெல் காயவைக்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவரைக் கூண்டுக்குள் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். அக்னி நட்சத்திர வெயிலில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். இருமல் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். மில் வாசலில் இறங்கும்போது முகம் சுட்ட செங்கல் மாதிரி இருக்கும்.

ஒருநாள் மில் பம்புசெட்டில் எல்லார் முன்னாலும் அவரைக் குளிக்கச் சொன்னேன். சலவைச் சோடாவை வாங்கி நானே கையில் கொடுத்தேன். அழுத்தித் தேய்த்தார். தோள்பட்டைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மூட்டைக்காரர்கள் சுற்றி நின்று, "அக்குள்ல போடு, அக்குள்ல போடு" என்று கூவினார்கள். நான் கூவவில்லை. தடுக்கவும் இல்லை.

வண்டியில் நாற்றம் அப்படியேதான் இருந்தது. அவர் உள்ளே ஏறியே ஒரு வாரம் ஆகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சீட்டில் ஊறிக் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அவரே ஒருநாள் மெல்லிய குரலில் சொன்னார்: "எம்மேலதான் போலக்கீது டிரைவரே. இப்ப எனக்கே தெரியுது. வூட்ல பொண்டாட்டியக் கேட்டேன், ஒண்ணும் இல்லன்னுது. அதுக்குப் பழகிப்பூட்ச்சி போல."

அன்று மாலையே முதலாளியிடம் போய், இந்த ஆளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது என்றேன். முதலாளி அவரைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து வராதய்யா" என்றார்.  அவர் வண்டிச் சாவியைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து முதலாளி வண்டியில் ஏறினார். ஏறியதும் இறங்கினார்.

"ஆளு போயும் நாத்தம் போவலியே. இன்னாய்யா இது?"

மறுநாள் மத்தியானம் வண்டி நிறுத்துகிற ஷெட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தகரத்தைப் பெயர்த்தேன். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பூனை. அதன் வயிற்றோடு ஒட்டி மூன்று குட்டிகள், கண்கூடச் சரியாகத் திறக்காதவை. குட்டிகள் தட்டையாகக் காய்ந்திருந்தன. தாய் வீங்கி வெடித்திருந்தது. பலகையின் உட்புறம் முழுக்கப் பிறாண்டிய கோடுகள், வெள்ளை வெள்ளையாக. தகரத்தின் ஒரு மூலை வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அங்கே ஒரு நகம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் பிறாண்டியதோ. அத்தனை நாளும் நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன்.

ஷெட் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சாக்கில் வாரிப் போட்டு, தாமல் ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்தேன். பலகையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். சீட்டு நாரை எடுத்துக் கொளுத்திவிட்டுப் புது நார் வைத்துத் தைத்தேன்.

"நார்ல ஊறியிருந்துச்சி மொதலாளி. அந்த ஆளு ஒக்காந்த பக்கம்தான்" என்றேன். முதலாளி மோந்து பார்த்துவிட்டு, "பேஜார் வுட்டுதுபா" என்றார்.

வைகாசியில் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். ஒரு மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், எல்லாரையும் விட்டு விலகி, தன்மேல் பட்ட காற்று யார்மேலும் அடிக்காத பக்கமாகப் பார்த்து ஒரு ஆள் நின்றிருந்தார். அவர்தான். தோளில் உரிந்த இடம் கறுத்துப்போயிருந்தது. நான் கிட்டே போகவும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வேணாம் டிரைவரே, அங்கயே நில்லுங்க. உங்களுக்கு ஆவாது."

திரும்பவும் சாயப்பட்டறைக்கே போய்விட்டாராம். மற்றவர்களோடு சேர்க்காமல், கொல்லைப்பக்கத்தில் தனியாக ஒரு அண்டா கொடுத்திருக்கிறார்களாம். அவரே கேட்டு வாங்கிக்கொண்டது என்றார். பேச்சுக்கு நடுவே இருமினார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால், கூட வந்த மில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வண்டி இப்ப எப்படிக்கீது? நாத்தம் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சி" என்றேன்.

"நல்லதாப் போச்சி" என்று தலையாட்டினார். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி தெரிந்தது. அதற்குள் பெருமாள் தெருமுனை திரும்பிவிட்டார். கூட்டம் கோவிந்தா என்று முன்னால் ஓடியது. அவர் எங்கும் ஓடாமல், கையைத் தலைக்குமேல் குவித்துக்கொண்டு அங்கிருந்தபடியே கும்பிட்டார்.