காதுக்கண்ணாடி

போன மாதம் எங்கள் வீட்டுக் குழாய் சொட்டத் தொடங்கியது. ஒரு வாஷர் மாற்றினால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். குழாயைக் கழற்றத் தெரியாவிட்டாலும் வாஷர் வாங்கத் தெரியும் என்ற தைரியத்தில், ஹட்டனுக்குப் போனபோது பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தேன். வெளியே மழை. கடைக்கார நானா இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் சும்மா மேலே பார்த்தேன். கயிற்றுச் சுருளுக்கும் ரப்பர் சப்பாத்துகளுக்கும் நடுவில் அது தொங்கியது. காதை மூடும் இரண்டு செம்மஞ்சள் கிண்ணங்கள், அவற்றை இணைக்கும் வளைவு, அதோடு சேர்ந்த ஒரு கண்ணாடி. வேண்டுமானால் கண்ணுக்கு இறக்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் நெற்றிக்கு மேலே தூக்கிவிடலாம்.

நானா கவனித்துவிட்டார். "புல் வெட்டுற மிஷினுக்கு எடுத்தது சார். காதுக்கும் கண்ணுக்கும் ஒன்னாவே வருது. போட்டுப் பாருங்களேன்" என்று கம்பால் எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் போடவில்லை. ஆனால் அந்தப் புதுப் பிளாஸ்டிக்கும் பஞ்சும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. "வேணாம் நானா" என்று மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, மழையில் பாதி ரோடு நடந்த பிறகுதான் வாஷர் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. குழாய் இன்னும் சொட்டுகிறது.

அந்த வாசனையை முதலில் நுகர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன். ஸ்டோர் என்றால் ஆபீசுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. உள்ளே உர மூட்டை, மண்ணெண்ணெய், கவ்வாத்துக் கத்திக்குப் பூசிய எண்ணெய், எலிப் புழுக்கை எல்லாம் சேர்ந்து ஒரு நெடி. நெடியைவிட எனக்குப் பிடித்தது சாவிக்கொத்து. பதினான்கு சாவிகள். அதில் ஐந்துக்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் கழற்ற மாட்டேன். நடக்கும்போது சத்தம் வர வேண்டுமல்லவா. தொழிலாளர் லயத்தில் பிறந்த பையன் சாவி குலுங்க நடப்பதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

களைகொல்லி அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. மருந்து நின்றதும் புல் தேயிலைக்கு மேலே எழுந்து நின்றது. கையால் பிடுங்க ஆள் போதாமல், தோளில் வாரால் மாட்டிக்கொண்டு வெட்டும் மிஷின்கள் நாலு வந்தன. ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த மலைவரைக்கும் இரையும். கல் தெறிக்கும். நாலு பேரும் காதில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை, எனக்கும்தான்.

பிறகு, வெளிநாட்டில் நம் தேயிலையை வாங்குகிறவர்களுக்காகத் தோட்டத்தைப் பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே கக்கூஸ்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். குப்பைத் தொட்டிகள் மூன்று நிறத்தில் வந்தன. ஸ்டோருக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்தால் இந்தச் சாமான், நாலு.

அதோடு வந்த ஆங்கிலத் துண்டுத்தாளை அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். கதவைச் சாத்திவிட்டு ஒன்றைத் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கி, அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். ஹெலிகொப்டர் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பினேன். பின்னால் கங்காணி வந்து எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல சாமான்.

காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, அந்த நாலு பேரையும் முன்னால் கூப்பிட்டு நான் பெரிய பிரசங்கம் செய்தேன். "மிஷின் ஓடுற நேரம் கழட்டவே கூடாது. காது ஒரு தடவ போனா போனதுதான். கண்ணாடிய மட்டும் தேவைன்னா தூக்கிக்கலாம்." ஜனங்கள் அதற்கு அப்போதே பேர் வைத்துவிட்டார்கள். காதுக்கண்ணாடி.

நாலு பேரில் மூத்தவர் மருதமுத்து. நாற்பது வயதுக்கு மேல், ஒல்லி, வெற்றிலை ஓயாத வாய். அவர் மனைவி பூமணி கொழுந்து எடுக்கிறவள். இந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்கள். அவர் மேலே நிற்பார், அவள் கீழே தேயிலை நிரையில் நிற்பாள். அங்கிருந்து ஒரு சத்தம், இங்கிருந்து ஒரு பதில். மத்தியானக் கறி என்ன, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாளா, நேற்று யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் மலைக்கே கேட்கும். மிஷின் வந்த பிறகும் அவர் நடுநடுவே எஞ்சினைத் தணித்துவிட்டுக் காதுத் துணியை விலக்கிப் பதில் சொல்லுவார்.

காதுக்கண்ணாடி போட்ட முதல் நாள் சாயந்திரமே ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். "ஐயா, இது நமக்குச் சரிவராது. ஒலகமே செத்துப்போன மாதிரி இருக்கு."

"பழகிரும் மருதண்ணே."

"அவ கூப்புடுறது கேக்கல. கிட்ட வந்து முதுகுல ஒன்னு வச்சாத்தான் தெரியுது" என்றார். பிறகு அவரே சிரித்து, "ஒன்னு பண்ணுங்க. இத வீட்டுக்குக் குடுங்க. மலையில வேணாம், வீட்டுலதான் வேணும்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கழற்றினால் பெரிய தொரையிடம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சொல்வது விளையாட்டாகக் கேட்காது.

அந்த வாரம்தான் கங்காணி ஆபீசில் வந்து ஏழாம் நம்பர் மலையில், மேல்பக்கத்து மரத்தில், குளவிக்கூடு பெரிதாகிவிட்டது என்றார். எங்கள் பக்கத்தில் குளவி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு பருந்து கூட்டில் இடித்தால் போதும், மொத்தக் கூடும் ஆட்கள்மேல் பாயும். கலைக்க ஆள் கூப்பிட்டுப் புகை போட வேண்டும். சர்டிபிகேட்காரர்கள் வந்து போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆபீசில் முடிவானது. அந்த முடிவு எடுக்கும்போது நானும் அங்கே நின்றேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர்கள் வந்த நாள் வெயில் நன்றாக இருந்தது. காலையில் ஏழாம் நம்பர் மலையைப் பார்த்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு நோனா மருதமுத்துவிடம், இது போட்டுக்கொள்ள வசதியாக இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, ஒரு கிண்ணத்தை விலக்கிக் கேட்டுவிட்டு, "ஹொந்தய் நோனா" என்றார். நல்லாயிருக்கு அம்மா என்று. என்னைப் பார்த்து ஒரு கண்ணையும் சிமிட்டினார். போட்டோ எடுத்தார்கள். பிறகு எல்லோரும் ஃபெக்டரிக்குப் போய்விட்டார்கள். திரும்பும் வழியில் மறுபடி எட்டிப் பார்க்கலாம் என்று சின்னத் தொரை சொன்னதால், நான் கீழே ரோட்டில் கொழுந்து லொறிக்குப் பக்கத்தில் நின்று, யாராவது கழற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் அன்றைக்கு என் வேலை.

எது கூட்டைக் கலைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஒரு பெண் "குளவி!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் நிரை நிரையாகப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மிஷின்காரர்களில் மூன்று பேர் கீழ்ப்பக்கம் நின்றதால் பெண்கள் ஓடுவதைக் கண்டு, மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். மருதமுத்து மேலே தனியாக நின்றார். முதுகு எங்கள் பக்கம். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அவர் பாட்டுக்குப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். பிறகு என் கழுத்தில் ஒன்று கொட்டியது. நான் லொறியில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். இதை எழுதுவதற்கு இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

பூமணி ரோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். தப்பித்துவிட்டவள் அவள். லொறிக்கு இந்தப் பக்கம் நின்று மேலே பார்த்தாள். ஈரத்துக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை, படங்கை, அவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு திரும்ப மலையில் ஏறினாள். யாரோ அவள் கையைப் பிடித்தார்கள், உதறினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவரிடம் போய்ச் சேர்ந்து, முதுகில் அறைந்தாள். அவர் திரும்பினார். கண்ணாடியைத் தூக்கினார். அவள் ஏதோ சொன்னாள். அவர் வாரைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரையும் குளவி மூடிவிட்டது. அவள் அவரைத் தண்ணீர் வடியும் கானுக்குள் தள்ளி, படங்கை அவர்மேல் போட்டு, அதன்மேல் தான் படுத்தாள்.

புகை போட்டுக்கொண்டு ஆட்கள் போய்த் தூக்கி வரும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. அதே லொறியில்தான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது இல்லை.

மருதமுத்து பிழைத்தார். பூமணியின் சாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஒரு மணி நேரம் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. பெட்டியைத் தடவிப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்து அம்மாவின் முகத்தில் வைத்தாள். திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் கழித்து நான் வார்டுக்குப் போனேன். ஓரேஞ்ச் பார்லி ஒரு போத்தல் கொண்டுபோனது நினைவிருக்கிறது. வேறு என்ன கொண்டுபோவது. கண் சற்றுத் திறந்திருந்தது.

"யாரு, ஸ்டோர் ஐயாவா?"

"ஆமாண்ணே."

அவராகவே சொன்னார்: "முதுகுல அடிச்சா. திரும்பிப் பாத்தேன். மொகம் சரியாத் தெரியலன்னு கண்ணாடியத் தூக்குனேன். வாயி அசையுது ஐயா. என்னாடின்னு கேக்குறேன், அவ சொல்லிக்கிட்டே இருக்கா. ஒன்னுமே கேக்கல. காதுல அது இருந்திச்சே. அதக் கழட்டணும்னு எனக்குத் தோணல."

நான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கீழ நின்னீங்கல்ல. அவ என்னா சொன்னா?"

கண்ணாடி ஏற்றிய லொறிக்குள் எனக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "ஓடுங்க, ஓடுங்கன்னு சொன்னிச்சுண்ணே" என்றேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இல்லீங்க ஐயா. அவ என்னைய ஓடு, வா, போன்னுதான் பேசுவா. ஒரு நாளும் 'ங்க' போட்டதில்ல."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போத்தலை வைத்துவிட்டு வந்தேன்.

ஆபீசில் என்னை அறிக்கை எழுதச் சொன்னார்கள். "சம்பவ வேளையில் இயந்திர இயக்குநர் பாதுகாப்புச் சாதனங்களை முறைப்படி அணிந்திருந்தார்" என்று எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. குளவிக்கூடு பற்றி எழுதிய வரியைப் பெரிய கிளாக்கர் வெட்டினார். நான் வெட்ட விட்டேன். சர்டிபிகேட் வந்தது, சட்டம் போட்டு மாட்டினார்கள்.

மருதமுத்து வேலைக்குத் திரும்பினார். மிஷினைத் தொடவில்லை. கான் வெட்டப் போனார். ஸ்டோரில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் வேறு யாரையாவது அனுப்புவார். வழியில் கண்டால் "ஐயா" என்பார், நிற்க மாட்டார். மலையில் அவர் குரலை யாரும் பிறகு கேட்கவில்லை. மகளைக் கொழும்புப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் அவளோடு போய்விட்டார். அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை என்றார்கள். முகவரி யாரிடமாவது கேட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லவாவது ஒரு கடிதம் போட்டிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, அடுத்த வருஷம் நானும் தோட்ட வேலையை விட்டு வந்துவிட்டேன். ஒரு நாள், அவர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். எங்கே, எப்போது என்று சொன்னவருக்கும் தெரியவில்லை.

இந்தப் பொங்கல் கழிந்து ஒரு நாள், காரணமே இல்லாமல் பூண்டுலோயா பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் நம் தமிழ்ப் பையன்தான், இருபது வயதிருக்கும். எங்கள் தோட்டத்து டிவிசன் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டேன்.

"அப்பிடி ஒரு எடம் இல்லையே அங்கிள்" என்றான்.

பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "அது மூடி ரொம்ப நாளாச்சு தம்பி. சனமெல்லாம் எறங்கிப் போயிருச்சு. லயத்துக் கூரையக்கூடக் கழட்டிட்டாங்க. இப்ப மானாப்புல்லுதான், ஆள் ஒசரத்துக்கு."

"ஆளே இல்லாத எடத்துல யாரப் பாக்கப் போறீங்க?" என்று பையன் கேட்டான். நல்ல பையன், கிண்டலாகக் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழிக்காமல் பதிலுக்காக நின்றான். அடுத்த வளைவில் இறக்கிவிடச் சொன்னேன்.