பச்சை மாவு

திங்கட்கிழமை காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் கட்டையில் மூடிக் கிடந்த டப்பா. வாராவாரம் நான் அத்தை வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில், எட்டு மாதமாக அது திறந்தேதான் இருந்திருக்கிறது. உள்ளே இருப்பது கைப்பயிற்சிக்கான பச்சை மாவு. ரப்பர் போல இழுபடும். அதைப் பிசைந்து முடித்துத்தான் அத்தை எஸ்டேட் புள்ளக் காம்பராவுக்கு, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போவார். அன்று அவர் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை இருந்தது.

ஃபாக்டரி பெல்ட்டில் சிக்கி வலது கை விரல்கள் மடங்காமல் போன பிறகு கிடைத்த இலகு வேலைதான் புள்ளக் காம்பரா. மாவை வாங்கிக் கொடுத்தவர் எஸ்டேட் மருந்தகத்துக் கம்பவுண்டர். வாரம் இரண்டு நாள் எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "ரொட்டி சுட்டா வேகுமாங்கய்யா?" என்பார் அத்தை. "மொதல்ல நாப்பது தடவ அமுக்குங்க தங்கச்சி, அப்பறம் சுடலாம்." உருட்டுவது, இழுப்பது, கடைசியாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளுவது. கொழுந்து கிள்ளுகிற மாதிரி என்பார் கம்பவுண்டர். அத்தைக்கு நன்றாக வந்தது அதுதான்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம். குன்னூர் ஏலத்தில் விலை போகாத மூட்டைகளைப் பற்றி நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் ஃபாக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. கை தேறாதவர்களுக்கு மட்டுமே இனி இலகு வேலை, மற்றவர்கள் கொழுந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அத்தைக்கு அது தெரியாது. கம்பவுண்டருக்குத் தெரியும். அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிள்ளிக் காட்டச் சொன்னார். கம்பவுண்டர் முகம் வாடக் கூடாதென்று அத்தை பலம் முழுவதையும் கொடுத்து இருபது தடவை கிள்ளினார். கம்பவுண்டர் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நான் பிறகு படித்தேன். "பிடி நன்று. கிள்ளல் நன்று. கொழுந்து எடுக்கலாம்." இருபது தடவை கிள்ளுவது வேறு, எட்டு மணி நேரம் கிள்ளுவது வேறு. எட்டு மாதம் அந்தக் கையைப் பார்த்தவர் அதை அறியாதவர் அல்ல.

திங்கட்கிழமை காலை நானும் அத்தையோடு போனேன். ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கம்பவுண்டரும் நின்றிருந்தார். அத்தை ஒன்றுதான் கேட்டார்.

"கிள்ளச் சொன்னது இதுக்குத்தானாங்கய்யா?"

"மேல இருந்து ஆளக் கொறைக்கச் சொல்றாங்க தங்கச்சி."

பிறகு என் பக்கம் திரும்பி, டீ குடித்தாயிற்றா என்று விசாரித்தார்.

பத்து நாளில் விரல்கள் வீங்கி மறுபடி மடங்க மறுத்தன. தினசரிக் கொழுந்து அளவு எட்டவில்லை என்று அத்தையின் பேரை ஆள் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். பேர் இல்லாதவருக்கு எஸ்டேட் கொடுக்கும் லயன் வீடு இல்லை. அத்தை திருப்பூருக்குப் போனார், டப்பாவை என்னிடம் விட்டுவிட்டு.

அந்த மாவு இன்னும் காயவில்லை. எவ்வளவு அழுத்திக் கிள்ளினாலும் சற்று நேரத்தில் தானாகப் பரவி, தடம் மறைந்துவிடும். இன்று காலை திறந்து பார்த்தேன். ஒரு தடமும் இல்லாமல் சமமாக இருந்தது.